ஃபிஷ் கச்சேரி: எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

வணக்கம். நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாடல்களை மேடையிலேயே புதிது புதிதாக நீட்டி வாசிக்கும் ஃபிஷ் (Phish) என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு அலுவலக நண்பர் ஒருவர் என்னை முதன்முறையாக அழைத்துச் சென்றார். வாசலில் ஒருவர் ஒற்றை விரலை உயர்த்தியபடி பேசாமல் நின்றார். யாராவது ஒரு டிக்கெட்டை இலவசமாகத் தர மாட்டார்களா என்பதே அதன் பொருளாம். 2017இல் இதே அரங்கில் 13 இரவுகள் வாசித்தும் ஒரு பாடலைக்கூட இக்குழு திரும்ப வாசிக்கவில்லை என்று, பாடல் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே ஆடிய பக்கத்து இருக்கைப் பெண்மணி சொன்னார். ஏறத்தாழ 20 நிமிடம் நீண்ட ஒரு பாடலின் நடுவே, எதுவும் மாறியதாக எனக்குத் தெரியாத ஒரு கணத்தில், அரங்கமே ஆர்ப்பரித்தது. நான் மட்டும் விழித்தேன். ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்ய இக்குழு அனுமதிப்பதால் பதிவுகள் மலையாகக் குவிந்துள்ளன. அப்படிப்பட்ட கணங்களைக் காது அடையாளம் காண எந்த ஆண்டுப் பதிவிலிருந்து தொடங்கலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.