மறு: சம்ப் கார்டுக்குத் தமிழ்: ‘அடிக்கவசம்’ போதுமா?

அனுப்புநர்: கோத்தகிரி

குழுவினருக்கு வணக்கம்.

கார் எஞ்சினுக்கு அடியில் மாட்டும் காப்புத் தகடான சம்ப் கார்டுக்குத் தமிழ்ச் சொல் தேடி ஒரு வாரமாக இந்த இழை ஓடுகிறது, நான் வாயே திறக்கவில்லை. கார் ஸ்டாண்டில் ஏறி நிற்க, நான் அதன் அடியில் கிடந்தேன். ‘அடிக்கவசம்’ என்று முடிவுகட்டிப் பட்டியலில் ஏற்றிவிடலாம் என மதுரை ஐயா நேற்று எழுதியதைப் பார்த்ததும் கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

> எஞ்சினின் அடிப்பக்கத்தைக் காக்கிறது, ஆகவே அடிக்கவசம். இதில் மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா.

ராலிக்காக, அதாவது கரடுமுரடான பாதையில் ஓடும் கார்ப் பந்தயத்துக்காக, நான் கட்டுவது பழைய மாருதி எஸ்டீம், 1.3 லிட்டர். அரவேணுப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. ஓட்டிப் பார்ப்பது தெரிந்தவர் ஒருவரின் தேயிலைத் தோட்டப் பாதையில், அவர் அனுமதியோடு, இலை வண்டி வராத ஞாயிற்றுக்கிழமைகளில். இங்கே மண் மெத்து, கல் கெட்டி. நீலகிரியின் கல் சார்னோக்கைட்; உளி வைத்தால் உளிதான் மழுங்கும். மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. நாலு நாள் பெய்தால் பாதையின் மண் ஓடிவிடும், கல் தலையை நிமிர்த்தி நிற்கும். போன வாரம் இல்லாத கல் இந்த வாரம் இருக்கும்.

சென்னை நண்பர் சம்ப் என்றால் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதானே என்று கேட்டிருந்தார். இதுவும் தொட்டிதான், எஞ்சினுக்குக் கீழே ஆயில் வந்து தங்குகிற இடம். எங்கள் ஊர் மெக்கானிக் யாரும் அதைச் சம்ப் என்று சொல்ல மாட்டார். ‘சேம்பர்’ என்பார்கள். ‘சேம்பர் அடி வாங்கிருச்சுங்க’ என்றால் பர்ஸைத் திறக்க வேண்டிய நேரம் என்று பொருள். சில வண்டிகளில் அது அலுமினிய வார்ப்பு. அடிபட்டால் விரிசல் விட்டு ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். என்னுடையது தகட்டில் அழுத்தி எடுத்தது, விரியாது, நசுங்கும். நசுங்குவது நல்லதுதானே என்று நானும் நினைத்திருந்தேன். உள்ளே ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் சல்லடை ஒன்று இருக்கிறது. தகடு உள்வாங்கி அந்தச் சல்லடையில் போய் ஒட்டிக்கொண்டது. வெளியே ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை, உள்ளே ஆயில் ஏறவும் இல்லை. ஆயில் அழுத்தம் இல்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்ததை நான் பார்த்து நிறுத்துவதற்குள் பேரிங் போய்விட்டது. எஞ்சினை இறக்கி ஏற்றினேன்.

அதற்குப் பிறகுதான் முதல் தகடு. பழைய இரும்புக் கடையில் 3 எம்.எம். செக்கர்டு பிளேட் கிடைத்தது, லாரிப் படியில் போடுவார்களே, மேடு மேடாகப் பூப்போட்டது. அந்தப் பூ கீழ்ப்பக்கம் வரும்படி மாட்டினேன். அழகுக்காகத்தான், வேறென்ன. நாலு போல்ட், தலை வெளியே துருத்திக்கொண்டு. முன்விளிம்பை மடக்கவில்லை.

முதல் ஞாயிறே ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் கல் ஒன்று அந்த முன்விளிம்பில் மாட்டியது. கார் கல்லின் மேல் ஏறவில்லை, கல்லை உழுதது. ஆமாம், ஏர் மாதிரியே, தகடு கொழுவாகிவிட்டது. அடுத்த கல் போல்ட் தலை இரண்டைச் சீவிக்கொண்டு போனது. தகடு தொங்கிற்று. ‘கவசம்’ இருந்தும் சேம்பர் தப்பியது அதிர்ஷ்டத்தால்.

அன்றைக்குப் புரிந்தது, இந்தத் தகட்டின் வேலை அடியைத் தாங்கி நிற்பது இல்லை என்று. ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைந்த கார் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது, மலையோடு வேர்விட்டிருக்கும் கல்லை எந்தத் தகடு தாங்கும்? கல்லின் மேல் காரைத் தூக்கி, வழுக்கி, அந்தப் பக்கம் இறக்கிவிட வேண்டும். அதற்குத்தான் முன்விளிம்பு படகின் மூக்கு போல நிமிர்ந்திருக்க வேண்டும். அதற்குத்தான் கீழ்ப்பக்கம் மொழுமொழு என்றிருக்க வேண்டும். போல்ட் தலை தகட்டுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். (கடையில் சி.எஸ்.கே. போல்ட் என்று கேளுங்கள், மஞ்சள் சட்டையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) தகட்டை எஞ்சினில் மாட்டவே கூடாது; காரின் உடலில் குறுக்கே ஓடும் கிராஸ் மெம்பரில் மாட்டி, சேம்பருக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடம் விட வேண்டும். தகடு வளைந்தாலும் சேம்பரைத் தொடாது. பின்விளிம்பையும் மூடிவிடக் கூடாது: சூடு வெளியேற வேண்டும், உள்ளே புகுந்த சேறும் சரளையும் விழ வேண்டும்.

ஆங்கிலத்திலேயே இதற்கு மூன்று பெயர் இருப்பதைக் கவனித்தீர்களா? சம்ப் கார்டு என்பவன் எதைக் காக்கிறது என்று பார்க்கிறான். ஸ்கிட் பிளேட் என்பவன் எப்படி நகர்கிறது என்று பார்க்கிறான். பேஷ் பிளேட் என்பவன் அது அடிபடுவதைப் பார்க்கிறான். நாம் முதல் ஆளின் கண்ணை மட்டும் கடன் வாங்கிக் ‘கவசம்’ என்கிறோம். அந்தச் சொல்லை நம்பிச் செய்தால் என்னுடைய முதல் தகடுதான் வரும். தடியாக, கனமாக, முரட்டுத்தனமாக, உபயோகமில்லாமல்.

என் முன்மொழிவு: லாடம்.

மாட்டுக்கும் குதிரைக்கும் அடிக்கும் அதே லாடம். அது உயிருள்ள பாகத்துக்கும் கல்லுக்கும் நடுவே நிற்கிற இரும்பு. தேய்வதற்கென்றே இருப்பது, தேய்ந்தால் யாரும் வருத்தப்படுவதில்லை, கழற்றிவிட்டு வேறு அடிக்கிறார்கள். ஆணித்தலையைத் துருத்த விடாமல் அமிழ்த்தித்தான் அடிப்பார்கள். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து லாடம் அடிப்பதைச் சின்ன வயதில் சந்தைக்கு வெளியே பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ஊட்டி ஏரிக்கரைக் குதிரைக்காரர்கள் இன்றும் அடிக்கிறார்கள். சொல் உயிரோடு இருக்கிறது.

‘பேரணி மகிழுந்து’ என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பற்றி ஒரே வரி: அதைக் கேட்டால் கூரையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டிதான் கண்ணுக்குத் தெரிகிறது. ராலி ராலியாகவே இருக்கட்டும், தயவுசெய்து.

அனுப்புநர்: மதுரை

அன்புள்ள கோத்தகிரியாருக்கு,

உங்கள் உழவு அனுபவம் சுவை. ஆனால் இரண்டு தடை. ஒன்று, லகரம் தமிழில் மொழிமுதல் வராது. ஏற்பதானால் ‘இலாடம்’ என்றுதான் பட்டியலில் ஏற்ற முடியும். இரண்டு, லாடம் காலுக்கு அடிப்பது. காருக்குக் கால் சக்கரம். நீங்கள் வயிற்றுக்கு அல்லவா அடிக்கிறீர்கள்?

கவசம் வேண்டாமென்றால் ‘மெய்ம்மறை’ இருக்கிறது. சங்கப் பாடலில் படைக்கு முன் நிற்கும் அரசனையே சான்றோர்க்கு (வீரர்களுக்கு) மெய்ம்மறை என்று பாடியிருக்கிறார்கள். இதைவிட அழகான சொல் எங்கே கிடைக்கும்?

அனுப்புநர்: தூத்துக்குடி

வழுக்கிப் போவதுதான் முக்கியம் என்றால் எங்கள் கடற்கரையைக் கேளுங்கள். வள்ளத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் மரம் ‘ஏரா’. கரையேற்றும்போது மணலில் இழுபடுவது அதுதான். ‘ஏராத்தகடு’ என்று வைத்தால் என்ன?

அனுப்புநர்: சென்னை

சொல்லலாமா என்று தெரியவில்லை. ‘லாடம் கட்டுறது’ என்றால் எங்கள் பக்கம் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம்தான் வரும். மெக்கானிக்கிடம் போய் ‘என் வண்டிக்கு லாடம் கட்டுங்க’ என்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

அனுப்புநர்: கோவை

நான் சொல் வேட்டைக்காரன் இல்லை, தகடு வெட்டுபவன். கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கோத்தகிரி அண்ணன் போட்ட தகடு 80 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். 3 எம்.எம். எஃகு என்றால் சுமார் 14 கிலோ. அதே அளவு 6 எம்.எம். அலுமினியம் பத்து கிலோவுக்கும் குறைவு. தடிமன் இரண்டு மடங்கானால் வளையாமல் நிற்கும் திறன் எட்டு மடங்காகும். அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கு. எட்டை மூன்றால் வகுத்தாலும் இரண்டரை மடங்குக்கு மேல் லாபம். ராலிக்காரர்கள் அலுமினியத்துக்குப் போவது இதனால்தான். ஆனால் எந்த அலுமினியம் என்று பார்க்காமல் வாங்காதீர்கள். 6082 டி6 என்கிற ரகம் கடினம், குறுகலாக மடித்தால் மடிப்பில் விரியும்; வெல்டிங் வைத்த இடத்தில் பலமும் இறங்கிவிடும். மடித்து வெல்ட் செய்வதானால் 5083 என்கிற ரகம் நல்லது.

ஒரு குறை: அலுமினியம் பாறையில் எஃகு மாதிரி வழுக்காது. கீறிப் பற்றும். அதற்கு மேல், அதாவது அதற்குக் கீழே, எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைச் சேர்த்து மாட்டுவார்கள். வீட்டில் காய் நறுக்கும் வெள்ளைப் பலகை இருக்கிறதே, அதே சரக்கு. கதவுக்குக் கீழே, காரின் தரை முழுக்க, பெட்ரோல் டேங்குக்கு அடியில் எல்லாம் அதையே விரிக்கலாம், 8 எம்.எம். போட்டால் கூட ஒரு சதுர மீட்டருக்கு எட்டு கிலோ வராது. இதற்கும் ஒரு பெயர் வேண்டும் அல்லவா? அதையும் லாடம் என்றால் ஒப்புக்கொள்ள முடியாது. அது வளையும்.

அனுப்புநர்: கோத்தகிரி

எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலில்.

மெய்ம்மறை அழகுதான் ஐயா. கேட்டதும் எனக்கும் சிலிர்த்தது. ஆனால் மன்னனைச் சொன்ன சொல்லைத் தினம் சேற்றில் இழுக்க எனக்கு மனசு வரவில்லை. தவிர, அதுவும் காப்பதையே சொல்கிறது, வழுக்குவதைச் சொல்லவில்லை. ‘இலாடம்’ என்று நீங்கள் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பு இல்லை. பட்டறைக்காரர் அந்த ‘இ’யைப் போட மாட்டார், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஏரா எனக்குப் புதுச் சொல், தூத்துக்குடி நண்பருக்கு நன்றி. ஆனால் அது படகின் முதுகெலும்பு. எடுத்துவிட்டால் படகு இல்லை. நம் தகட்டை நாலு போல்ட் கழற்றினால் கையோடு வந்துவிடும். வேறு எங்காவது இது பயன்படும், விட்டுவிட வேண்டாம்: டேங்குக்கு நடுவில் நீளவாக்கில் ஓடும் பட்டை ஒன்று உண்டு, அதற்குப் பொருந்துமோ என்று தோன்றுகிறது.

சென்னைக்கு: ‘கட்டுதல்’ என்று சொல்லாதீர்கள், ‘அடித்தல்’ என்று சொல்லுங்கள். போலீஸ் விலகிவிடும்.

கால், வயிறு தடைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சமதளத்தில் காருக்குக் கால் சக்கரம்தான். ஆனால் எங்கள் தோட்டப் பாதையில் கல்லின் மேல் ஏறுகிற அந்த நொடியில் கார் நிற்பது வயிற்றின் மேல். அந்த ஒரு நொடிக்காகத்தான் தகடே.

கோவைத் தம்பி கேட்டது சரியான கேள்வி. நாம் ஒரு சொல்லுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், வேண்டியது மூன்று. மொத்த ஏற்பாட்டுக்கு ‘அடிக்காப்பு’; மதுரை ஐயாவின் சொல்லில் பாதியை அங்கே வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல், பிரேக் குழாய்களைத் தரைக்கு மேலே காருக்குள் கொண்டுவருவதும் இதில் அடங்கும், அங்கே தகடே கிடையாது பாருங்கள். எஞ்சினுக்கு அடியில் வரும் உலோகத் தகடு லாடம். தரையெங்கும் விரியும் பிளாஸ்டிக்குக்கு ‘அடிப்பாய்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். மனிதனுக்கும் மண்ணுக்கும் நடுவே பாய் விரிக்கிறோம், வளைகிறது, சுருட்டலாம். 8 எம்.எம். ஷீட்டைச் சுருட்ட முடியாது என்று கோவை சொல்வார், தெரியும்.

அனுப்புநர்: மதுரை

அடிக்காப்பு, இலாடம் இரண்டையும் ஏற்றுகிறேன். அடிப்பாய் விவாதத்தில் இருக்கட்டும். இலாடத்துக்கு எதிரே ‘மெய்ம்மறை’யை அடைப்புக்குறியில் போடுவேன், அதை யாரும் தடுக்க வேண்டாம்.

அனுப்புநர்: கோத்தகிரி

போடுங்கள் ஐயா.

இன்று காலை கோத்தகிரியில் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். அட்டையில் வெட்டிய மாதிரியை நீட்டி, விளக்கம் ஒன்றும் சொல்லாமல், ‘வண்டிக்கு லாடம் அடிக்கணும், ஆறு எம்.எம். அலுமினியம்’ என்றேன். அவர் சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

‘முன்னங்காலுக்கு மட்டும் போதுமாங்க, பின்னாடி டேங்குக்கும் வேணுமா?’ என்றார்.

டேங்குக்கு அடிப்பாய் போடுவதாகத்தான் நினைத்திருந்தேன். இப்போது யோசனையாக இருக்கிறது. பின்லாடம் போட்டால் இன்னும் நாலைந்து கிலோ கூடும். கோவைத் தம்பி, டேங்கின் அளவை அனுப்புகிறேன், எடையைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?