ஃபைல் கனமாக இருந்தால் போதுமா? பென்சில்வேனியாவில் ஹோம்ஸ்கூல் மதிப்பீடு செய்யும் என் அனுபவம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அரசுப் பள்ளியில் பாடம் எடுத்தவள் நான். இப்போது வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் போர்ட்ஃபோலியோவை, அதாவது அந்த வருடம் படித்ததைத் தொகுத்து வைத்த ஃபைலை, பார்த்து மதிப்பிடுகிறேன். மே, ஜூன் வந்தால் போன் ஓயாது. நான் எழுதித் தரும் மதிப்பீட்டுக் கடிதத்தைப் பெற்றோர் ஜூன் 30-க்குள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் (அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளின் நிர்வாகம்) கொடுத்தாக வேண்டும். முதல் வருடம் வருகிறவர்கள் படும் பயத்தைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே 1988-ல் வந்த சட்டப்படி வருடத்துக்கு 180 நாள் படிப்பு நடக்க வேண்டும். மணிக்கணக்கு என்றால் தொடக்க வகுப்புகளுக்கு 900, மேல் வகுப்புகளுக்கு 990. ஃபைலில் அன்றாடப் பதிவு, படித்த புத்தகங்களின் பெயர்கள், பிள்ளை செய்தவற்றின் மாதிரிகள், 3, 5, 8-ஆம் வகுப்புகளில் ஒரு ஸ்டாண்டர்டைஸ்டு டெஸ்டின் (எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி வைக்கும் தேர்வு) முடிவு ஆகியவை இருக்கும். அதைப் பார்ப்பது பாதி வேலை. பிள்ளையிடம் பேசுவது மீதிப் பாதி, சட்டமே அதைக் கேட்கிறது. மொத்தப் படிப்பிலும் பிள்ளை தொடர்ந்து முன்னேறியிருக்கிறதா என்பதே கேள்வி. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடச் சொல்லி எங்கும் இல்லை.

ஒரு அப்பா இரண்டு தடித்த பைண்டர்களோடு வந்தார். அத்தனையும் வொர்க்‌ஷீட், அத்தனையும் சரி. பையனிடம் "இந்த வருஷம் உனக்குப் பிடிச்ச புத்தகம் எது?" என்றேன். அவன் அப்பாவைப் பார்த்தான், அப்பா பதில் சொல்ல ஆரம்பித்தார். அவரைப் பக்கத்து அறையில் கொஞ்சம் இருக்கச் சொன்னேன். அப்புறம்தான் பையன் வாயைத் திறந்தான். தாத்தாவின் பழைய புல்வெட்டும் மெஷினுக்கு மேனுவலைப் படித்து கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்திருக்கிறான். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் டிரிம்மருக்கு (ஓரப் புல்லை வெட்டும் மெஷின்) 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு என்று ஆயில் கலக்க, ஒரு கேலன் பெட்ரோலுக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். இதில் ஒரு வரிகூட ஃபைலில் இல்லை! "இது படிப்புன்னு எனக்குத் தோணவே இல்லை மேடம்" என்றார் அப்பா. அடுத்த வருடம் போட்டோ எடுத்து, தேதி போட்டு வைக்கச் சொன்னேன்.

பதினொரு வயதுப் பெண் ஒருத்தியின் ஃபைல் மெலிந்திருந்தது. அம்மா கூச்சத்தோடுதான் நீட்டினார். உள்ளே, பருந்துகள் கடந்து போகும் ஹாக் மவுன்டன் என்ற பென்சில்வேனிய மலையில் அவள் எடுத்த பருந்துக் கணக்கு. பிராட் விங்டு வகை செப்டம்பர் நடுவில் கூட்டமாகத் தெற்கே போகும். நாள்வாரியாக எண்ணி வரைபடம் போட்டிருந்தாள். 1934-ல் பறவைகளைக் காக்கப் போராடிய ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்துப் பருந்து வேட்டையை நிறுத்திய கதையைச் சொந்த நடையில் எழுதியிருந்தாள். பருந்துகள் ஏன் மலைத்தொடரை ஒட்டியே பறக்கின்றன என்று கேட்டேன். காற்று மலையில் மோதி மேலே எழும்புவதையும், சிறகடிக்காமலே பறவை அதில் மிதந்து போவதையும் கையை விரித்துக் காட்டி விளக்கினாள். கணிதம், அறிவியல், புவியியல், பென்சில்வேனிய வரலாறு நான்கும் அந்தச் சில தாள்களுக்குள் இருந்தன. அவளுக்குக் கடிதம் எழுதியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தமிழ்க் குடும்பங்களும் வருகின்றன. "அக்கா, தமிழ்ல எழுதினதை வைக்கலாமா?" என்று ஒரு அம்மா கேட்டார். தாராளமாக வைக்கலாம். ஆனால் கட்டாயப் பாடங்களை ஆங்கிலத்தில் நடத்துவதாக அஃபிடவிட்டில் (டிஸ்ட்ரிக்டுக்குக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம்) எழுதிக் கொடுத்திருப்பீர்கள். தமிழை அதற்கு மேல் கூடுதலாகக் காட்டுங்கள்.

எல்லோரும் மறப்பது தீ பாதுகாப்பு. அதுவும் கட்டாயப் பாடம். வீட்டில் தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவது என்று பிள்ளை வரைந்த ஒரு படம் போதும்.

மனதை அழுத்தியது பத்து வயதுப் பையன் ஒருவனின் வாசிப்பு. வயதுக்கு ரொம்பப் பின்தங்கியிருந்தான். ஆனால் செப்டம்பரில் ஒரு வாக்கியத்தைக் கடக்கத் திணறியவன், மே மாதப் பதிவில் ஒரு சின்னக் கதையை முழுதாக வாசித்திருந்தான். என் முன்னாலும் ஒரு பக்கம் வாசித்தான், மெதுவாக, விடாமல். கணக்கிலும் அறிவியலிலும் நன்றாகவே இருந்தான். கடிதம் கொடுத்தேன், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. கூடவே டிஸ்லெக்சியா (வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) இருக்கிறதா என்று ஒரு நிபுணரிடம் காட்டும்படி பெற்றோரிடம் நேராகச் சொன்னேன். அம்மாவின் கண் கலங்கியது. அதற்காக நான் அதைச் சொல்லாமல் விட்டிருக்க முடியாது. முன்னேற்றம் உண்டு என்பதும் உதவி தேவை என்பதும் ஒரே பிள்ளைக்குப் பொருந்தும்.

புதிதாக வருகிறவர்களுக்கு: ஒவ்வொரு பாடத்துக்கும் வருட ஆரம்பம், நடு, முடிவு என்று தேதி போட்ட மாதிரிகள் சில இருந்தால் எனக்குப் போதும். தப்பும் திருத்தமுமாக இருக்கும் தாளை எடுத்துவிடாதீர்கள், எனக்கு வேண்டியதே அதுதான். ஃபைலை டிஸ்ட்ரிக்டுக்குக் கொடுக்க வேண்டுமோ என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். 2014-ல் சட்டம் மாறியதிலிருந்து கடிதம் மட்டும் போனால் போதும். ஃபைல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.