பெங்களூரில் ராமநவமி சமயத்து இலவசக் கச்சேரிகள்: எங்கே உட்கார்ந்தா நல்லா கேட்கும்?

அல்சூர்வாசி:
ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ராமநவமி சமயத்துல வர்றாங்க. கோயில் பந்தல், பார்க் மாதிரி திறந்தவெளியில நடக்கிற இலவசக் கச்சேரிகளுக்குக் கூட்டிட்டுப் போகணும். அப்பா காதுல மெஷின் வச்சிருக்கார். அம்மாவுக்கு முட்டி வலி, தரையில உட்கார முடியாது. எப்போ போகணும், எங்கே உட்காரணும், மழை வந்தா என்ன செய்றது? கப்பன் பார்க் பேண்ட்ஸ்டாண்டுல சரியா கேட்குமா?

தோடிப்பிரியன்:
முதல்ல தேதி விஷயம். சில கோயில்கள்ல யுகாதியில ஆரம்பிச்சு நவமியோட முடிச்சிடுவாங்க, அது கர்போத்ஸவம். வேற சில இடங்கள்ல நவமியிலதான் ஆரம்பமே, அது ஜன்மோத்ஸவம். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா கச்சேரிக்குப் பஞ்சமே இல்ல. சாமராஜப்பேட்டை கோட்டை ஹைஸ்கூல் மைதானத்துல ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939-லிருந்து நடத்துற விழா ரொம்பப் பெரிசு, ஆனா அங்கே டிக்கெட் உண்டு. இலவசமா கேட்கணும்னா மல்லேஸ்வரம், பசவனகுடி, ஜெயநகர் பக்கம் ராமர், ஆஞ்சநேயர் கோயில் வாசல்ல ஒட்டியிருக்கிற நோட்டீஸைப் பாருங்க.

இடம் பிடிக்கிறதுலதான் பலர் கோட்டை விடறாங்க. முதல் வரிசை உசத்தின்னு நினைச்சு அங்கே போய் உட்கார்றாங்க. பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் மேடைக்கு ரெண்டு பக்கமும் ஸ்டாண்டுல உயரமா நிக்கும், அந்தச் சத்தம் முன்வரிசைக்காரங்க தலைக்கு மேல போயிடும். அவங்களுக்குக் கேட்கிறது மேடையிலிருந்து நேரா வர்ற மிருதங்கமும், பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில வச்ச சின்ன ஸ்பீக்கரோட (மானிட்டர்) மிச்சமும்தான். வயலின் காணாமப் போயிடும். ரெண்டு பெட்டிக்கும் நடுவுல 10 மீட்டர் இடைவெளின்னா, மேடையிலிருந்து 10, 12 மீட்டர் பின்னால நடுவுல உட்காருங்க. பந்தல்ல அது ஏறக்குறைய எட்டாவது, ஒன்பதாவது வரிசை. இன்னும் சுலபமான வழி, சவுண்டுக்காரர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் மேஜை எங்கேன்னு பார்த்து அதுக்குப் பக்கத்துல உட்கார்றது. அவர் தன் காதுக்குச் சரியா இருக்கிற மாதிரிதான் வைப்பார். பெடஸ்டல் ஃபேனுக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம், அந்த இரைச்சல்ல தம்புரா சுருதி அமுங்கிடும். 6:30 கச்சேரின்னா 5:45-க்கே போயிடுங்க.

பேண்ட்ஸ்டாண்டு வேற மாதிரி. எட்டுப் பக்கமும் திறந்த இரும்பு மண்டபம், பின்னால சுவர் கிடையாது. சத்தம் நாலா பக்கமும் சிதறும். வெட்டவெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும். ஹால்ல சுவர்ல பட்டு எதிரொலி வந்து கைகொடுக்கும், அங்கே அந்த உதவி இல்ல. பேண்ட் வாத்தியம், நாதஸ்வரம் அங்கே அருமையா இருக்கும். வீணை, புல்லாங்குழல்னா மண்டபத்தை ஒட்டியே உட்காருங்க.

காதுமெஷின்_குறிப்பு:
அப்பாவோட மெஷின் பத்தி. பேச்சுக்காக செட் பண்ணின மெஷின்ல இழுத்துப் பாடற ஸ்வரம் நடுங்கிக் கேட்கும். காரணம் இதுதான்: மெஷின் விசிலடிக்காம இருக்க உள்ளே ஒரு தடுப்பு வேலை செய்யும். நீளமா நிக்கிற குழல் நாதத்தையும், தம்புராவையும் அது விசில்னு நினைச்சு அறுக்கப் பார்க்கும். இரைச்சல் குறைக்கிற அம்சமும் அப்படித்தான், தம்புராவை இரைச்சல்னு எடுத்துக்கும். ஊர்லேர்ந்து கிளம்பறதுக்கு முன்னாடியே ஆடியாலஜிஸ்ட்கிட்ட தனியா ஒரு மியூசிக் புரோகிராம் போடச் சொல்லுங்க, அதுல இந்த ரெண்டும் குறைஞ்சபட்சத்துல இருக்கணும். புது பேட்டரி ஒரு செட் பையில இருக்கட்டும். காத்து நேரா மைக்ல அடிச்சா கொரகொரன்னு கேட்கும், அதனால அவர் முதுகு காத்தைத் தடுக்கிற பக்கமா நாற்காலியைப் போடுங்க.

பசவனகுடி_ராஜி:
அம்மாவுக்குப் பந்தல் பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வா இருந்தா, ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு போட்டுக் கொடுங்க. உயரம் சில சென்டிமீட்டர் கூடும், எழுந்திருக்கும்போது முட்டிக்கு நல்ல வித்தியாசம் தெரியும், நாற்காலியோட கால் வளையவும் வளையாது. நடைபாதை ஓரமா பிடிச்சுக்கோங்க. பார்க்னா கழிப்பறை எங்கேன்னு வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வச்சுக்கணும். ஜமுக்காளத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போடுங்க, புல் ஈரம் ஏறும். கணுக்காலுக்குக் கொசு களிம்பு அவசியம்.

பிரசாதமா பானகம், கோசம்பரி (ஊறவச்ச பயத்தம்பருப்பு சாலட்), நீர்மோர் தருவாங்க. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டுன்னா பானகத்துல கவனம். வழக்கமா லிட்டருக்கு 150 கிராம் வெல்லம் போட்டா, 200 மில்லி டம்ளர் ஒண்ணுல 30 கிராம் வெல்லம் போயிடும். நீர்மோரே போதும்.

அல்சூர்வாசி:
ரொம்ப நன்றி. மழை பத்தி யாராவது சொல்லுங்களேன். நடுவுல எழுந்து போகலாமா?

தோடிப்பிரியன்:
இங்கே ஏப்ரல், மே கோடை மழை பெரும்பாலும் சாயங்காலம்தான், இடியோட வரும். திடீர்னு குளிர்ந்த காத்து வீசினா மழை பக்கத்துல வந்தாச்சுன்னு அர்த்தம். புனேயில இருக்கிற வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் (ஐஐடிஎம்) போட்ட 'தாமினி' ஆப் மின்னல் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு காட்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 விநாடிக்குக் குறைவா இருந்தா 10 கிலோமீட்டருக்குள்ள வந்துடுச்சு, கட்டடத்துக்குள்ள போயிடுங்க. மரத்தடி வேண்டவே வேண்டாம், ஸ்கூட்டரையும் அங்கே விடாதீங்க. குல்மொஹரும் தூங்குமூஞ்சி மரமும் இந்தக் காத்துக்குத்தான் கிளை முறியும்.

காத்துல ஈரம் ஏறினா மிருதங்கத்தோட தோல் தளர்ந்து சுருதி இறங்கும். வித்வான் கல்லையும் கட்டையையும் எடுத்துத் தட்டிச் சேர்ப்பார். எழுந்து போறதுன்னா அந்த இடைவெளியில போங்க. தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற பகுதி, ஆரம்பிச்சதும் எழுந்திருக்கிறது மட்டும் கூடாது, அந்த நேரத்துலதான் பாதிப் பந்தல் காபிக்குக் கிளம்புது. மிருதங்கம் வாசிக்கிறவருக்கும் கடம் வாசிக்கிறவருக்கும் அது எவ்வளவு கஷ்டமா இருக்கும்! ராத்திரி 10-க்கு மேல ஒலிபெருக்கி கூடாதுங்கிறது 2000-லிருந்தே விதி, அதனால 9:30 வாக்குல கடைசிப் பாட்டான மங்களம் பாடிடுவாங்க. திரும்ப மெட்ரோவுலயே வரலாம்.