குரூடு (கச்சா எண்ணெய்) 65 டாலர், சென்னையில பெட்ரோல் இன்னும் 100 ரூபா. மிச்சம் யார் பாக்கெட்டுக்கு?

ரிசர்வ்ல_ஓடுறவன் (மே 2025)
எனக்கு ஒரு சின்ன கணக்கு யாராச்சும் போட்டு காட்டுங்கப்பா. பேரல் 65 டாலர், டாலர் 85 ரூபா, பேரலுக்கு 159 லிட்டர். வகுத்தா லிட்டர் குரூடு 35 ரூபா கூட வரல, சென்னை பங்க்ல 100 ரூபா 80 பைசா. ஏத்தும்போது மட்டும் சர்வதேச சந்தை நிலவரம்ங்கிறாங்க, இறங்கும்போது ஒருத்தனும் வாய தொறக்குறதில்ல. 2010ல பெட்ரோல் விலைய மார்க்கெட் கையில விட்டாச்சுன்னாங்க, 2017 ஜூன்லேர்ந்து தினமும் காலைல 6 மணிக்கு மாறும்னாங்க, ஆனா 2022 மே மாசத்துலேர்ந்து 2024 மார்ச் வரைக்கும் 102.63லயே ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. இது எந்த ஊரு மார்க்கெட்டுய்யா?

கிராக்_ஸ்ப்ரெட்
ப்ரோ நீங்க வண்டிக்கு ஊத்துறது குரூடு இல்ல. பெட்ரோலுக்குன்னு தனி மார்க்கெட் இருக்கு, நம்மாளுங்க கணக்கு போடுறது சிங்கப்பூர் பெட்ரோல் ரேட்ட வச்சு, மணலி ரிஃபைனரில (சுத்திகரிப்பு ஆலை) காய்ச்சுனாலும் அதே கதைதான். குரூடுக்கும் பெட்ரோலுக்கும் நடுவுல இருக்குற கேப் தனியா ஏறும் தனியா இறங்கும். அமெரிக்காவ பாருங்க, 2008 ஜூலைல குரூடு 147 டாலர் தொட்டப்ப அங்க ஒரு கேலன் 4.11 டாலர்தான், 2022 ஜூன்ல குரூடு 120 பக்கம்தான் இருந்துச்சு ஆனா கேலன் 5 டாலர தாண்டிடுச்சு, ஏன்னா கொரோனால இழுத்து மூடுன ரிஃபைனரில சிலது திரும்ப தொறக்கவே இல்ல, ரஷ்யா பிரச்சனை வேற. 2020 ஏப்ரல் 20ஆம் தேதி அங்க குரூடு மைனஸ் 37 டாலருக்கு போச்சு, அன்னிக்கு பெட்ரோல் போட்டவனுக்கு பங்க்காரன் கைல காசு குடுத்தா அனுப்புனான்?

ரிசர்வ்ல_ஓடுறவன்
அமெரிக்கா கதைய ஏன் இங்க ஓட்டுறீங்க. அதே 2020 ஏப்ரல்ல இந்தியா வாங்குன குரூடு 20 டாலர், அப்போ இங்க என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. மார்ச்ல 3 ரூபா, மே மாசம் 10 ரூபா எக்சைஸ் (மத்திய அரசு வரி) ஏத்தி 32.98ல கொண்டு போய் நிறுத்துனாங்க. 2014ல அது 9.48. அப்புறம் ரெண்டு தடவ கொறச்சாங்க, ஒத்துக்குறேன், ஆனா போன மாசம் குரூடு சரியுதுன்ன உடனே மறுபடி 2 ரூபா ஏத்திட்டு பங்க் விலை மாறாதுன்னு ஒரு அறிவிப்பு. இறங்க வேண்டிய 2 ரூபாய நடுவுலயே உருவிட்டு "மாறாது"ன்னா அதுக்கு நான் கை தட்டணுமா?

கிராக்_ஸ்ப்ரெட்
2014ல டாலர் 60 ரூபா, இப்ப 85. அத விட்டுட்டு பேசுனா எப்படி.

ரிசர்வ்ல_ஓடுறவன்
சரி ரூபாயிலயே போடுவோம். 2014 மே குரூடு 107 டாலர் பக்கம், லிட்டர் 40 ரூபா, டெல்லியில பெட்ரோல் 71.41. இப்ப லிட்டர் 35 ரூபா, டெல்லியில 94.77. குரூடு 5 ரூபா கம்மி, பங்க்ல 23 ரூபா ஜாஸ்தி. சிங்கப்பூர்லேர்ந்து வந்து சொல்லுங்க.

வாட்_வாத்தியார்
டெல்லியவே திட்டிட்டு இருக்கீங்களே, நம்ம ஸ்டேட் என்ன சும்மாவா? இங்க வாட் (மாநில வரி) 13 பர்சென்ட், அதுக்கு மேல லிட்டருக்கு 11.52 பிக்ஸட். போட்டு பாத்தா 22 ரூபா கிட்ட வருது, எக்சைஸ் 21.90. ரெண்டு பேரும் சரிக்கு சமமா உக்காந்து சாப்பிடுறாங்க. 2021 ஆகஸ்ட்ல 3 ரூபா கொறச்சதோட சரி. விஷயம் என்னன்னா எக்சைஸ் முழுக்க லிட்டர் கணக்கு, வாட்லயும் பாதி லிட்டர் கணக்கு, அதனால நாளைக்கே குரூடு பாதியானாலும் இந்த 30 ரூபா சொச்சம் அசையாது. பாண்டில போட்டா 96 ரூபா பக்கம், அங்க மட்டும் வேற குரூடா ஊத்துறாங்க?

ரிசர்வ்ல_ஓடுறவன்
அந்த 21.90ல மாநிலத்துக்கு பங்கு குடுக்குறது வெறும் 1.40லேர்ந்துதான், மிச்சம் எல்லாம் செஸ், சிறப்பு வரின்னு பேர் வச்சு டெல்லியே வச்சுக்குது. அப்புறம் ஸ்டேட் எப்படி வாட்ட கொறைக்கும்?

பங்க்காரன்
நான் டீலர் வீட்டு ஆளு, திருவண்ணாமலை பக்கம். எங்களுக்கு கமிஷன் லிட்டருக்கு 4 ரூபா சொச்சம், அதுலதான் கரண்ட் பில்லு, பசங்க சம்பளம் எல்லாம். விலை டக்குனு இறங்குனா யாருக்கு அடின்னு யாருமே பேச மாட்டேங்குறீங்க. ஒரு லோடு 12,000 லிட்டர், காசு முன்னாடியே கட்டுனாதான் டேங்கர் வரும். 2024 மார்ச்ல, எலெக்ஷனுக்கு முன்னாடி, நைட்டு அறிவிச்சு காலைல 6 மணிக்கு 2 ரூபா கொறச்சாங்க. நைட்டு எறக்குன லோடு அப்படியே டேங்க்ல நிக்குதுன்னா விடியும்போது 24,000 ரூபா காலி. 2021ல இன்னும் மோசம், தீபாவளிக்கு மொத நாள் நைட்டு டீசல் எக்சைஸ 10 ரூபா கொறச்சாங்க, பண்டிகை லீவுல லோடு வராதேன்னு டீசல் டேங்க ரொப்பி வச்ச டீலரெல்லாம் டிப் ஸ்டிக்க விட்டு அளந்து பாத்துட்டு தலைல கைய வச்சுட்டாங்க.

வாட்_வாத்தியார்
அண்ணே 2022 மார்ச் 22லேர்ந்து தினம் 80 பைசா 80 பைசாவா ரெண்டு வாரத்துல 10 ரூபா ஏறுச்சே, அப்ப டேங்க்ல இருந்த பழைய ஸ்டாக்க எந்த ரேட்டுக்கு வித்தீங்க? 😄

பங்க்காரன்
அது வேற விஷயம் தம்பி 😄

கிராக்_ஸ்ப்ரெட்
அந்த 2022தான் பாயிண்ட். யூபி எலெக்ஷனுக்காக நாலு மாசத்துக்கு மேல விலைய அமுக்கி வச்சாங்க, அது அரசியல்தான், மறுக்கல. ஆனா உக்ரைன் போர்ல குரூடு 130 டாலர தாண்டுனப்பவும், அப்புறம் மே மாசத்துலேர்ந்தும் அரசு எண்ணெய் கம்பெனிங்க (ஐஓசி, பிபிசிஎல், எச்பிசிஎல்) நஷ்டத்துக்கு வித்தாங்க, ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் மூணு கம்பெனிக்கும் சேத்து 21,000 கோடி நஷ்டம். அப்ப ஏறாத விலை இப்ப எப்படி இறங்கும்? சிலிண்டர வேற அடக்க விலைக்கு கீழ விக்குறாங்க, அந்த பள்ளத்தயும் பெட்ரோல் காசுலதான் மூடணும்.

ரிசர்வ்ல_ஓடுறவன்
21,000 கோடிய அடுத்த வருஷமே வசூல் பண்ணியாச்சு தலைவா, 2023-24ல அதே மூணு கம்பெனி லாபம் 80,000 கோடிக்கு மேல. சிலிண்டர் நஷ்டத்த என் ஸ்ப்ளெண்டர் டேங்க்லேர்ந்துதான் எடுக்கணும்னா அதையும் பில்லுல ஒரு லைனா போடுங்க, லிட்டருக்கு எத்தன ரூபான்னு. அத போடாம மார்க்கெட் விலைன்னு மட்டும் சொல்லாதீங்க.

கிராக்_ஸ்ப்ரெட்
பில்லுல போட்டா மட்டும் கொறஞ்சிடுமா? குரூடு மறுபடி 100 தொடட்டும், அப்ப "விலைய ஏத்தாதீங்க"ன்னு இதே இடத்துல நீங்கதான் மொத ஆளா வந்து நிப்பீங்க.

வாட்_வாத்தியார்
ரெண்டு பேரும் அடிச்சுக்கோங்க, நான் சனிக்கிழம பாண்டி போறேன், வரும்போது கோரிமேடு எல்லைய தாண்டுறதுக்கு முன்னாடியே டேங்க ஃபுல் பண்ணிட்டு வந்துடுவேன்.