பச்சைக் காபிக்கொட்டைச் சாறு: காப்சூலாக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: வறுக்காத காபிக்கொட்டையின் சாற்றுப் பொடியைக் காப்சூலில் அடைத்து, எடை குறைகிறதா என்று சோதிக்கப் போகிறோம். ஆனால் பொடி மறுநாளே ஈரம் இழுத்து, புட்டிக்குள் கல் மாதிரி இறுகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இந்தப் பொடி ஈரத்தைச் சட்டென உறிஞ்சும். தெளித்து உலர்த்தும்போதே மால்ட்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து செய்யும் பொடி) சேருங்கள், அப்புறம் நிரப்பும்போது கட்டியாகாமல் இருக்கக் கொஞ்சம் சிலிக்கா நுண்பொடி, அறையிலும் ஈரப்பதம் குறைவாக இருக்கட்டும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு தொகுதியிலும் குளோரோஜெனிக் அமிலம் (எடையைக் குறைக்கும் என்று கருதப்படும் காபிக்கொட்டைப் பொருள்) எவ்வளவு என்று எச்பிஎல்சியில், அதாவது கலவையைப் பிரித்து அளக்கும் கருவியில், அளப்பது. சூட்டில் அது சிதையும், அளவு தெரியாமல் கொடுத்தால் சோதனையே வீண்.

பதில்: இதே சாற்றை வைத்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 16 பேர். பெரிதாகப் பேசப்பட்ட அந்தக் கட்டுரை, தரவுகளுக்கு உறுதி சொல்ல முடியாமல் 2014-ல் திரும்பப் பெறப்பட்டது. தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள். போதுமான ஆட்கள், ஒப்பிடச் சாறு இல்லாத போலிக் காப்சூல், யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது. காப்சூலைத் திறந்து முகர்ந்தால்கூட வித்தியாசம் தெரியாதபடி செய்யுங்கள். நெறிமுறைக் குழு அனுமதிக்கு முன் ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: சரி, காஃபீனையும் அளக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். தூக்கம், ரத்த அழுத்தம் இரண்டையும் அது பாதிக்கும். எடை குறைந்தாலும் எதனால் என்று சொல்ல முடியாமல் போகும்.