7⁰ எப்படி 1 ஆகும்? மகளுக்கு விளக்க முடியவில்லை

உப்புவெளி அம்மா:
வணக்கம். மகள் தரம் 8. சுட்டிகள் பாடம் தொடங்கியதிலிருந்து வீட்டில் ஒரே அழுகை. 2³ என்று கண்டால் 6 என்று எழுதுகிறாள், எத்தனை தடவை திருத்தியும் அதே 6. அதையாவது சமாளிக்கலாம். கொப்பியில் 7⁰ = 1 என்று இருக்கிறது, "ஏழை ஒரு தடவையும் பெருக்காவிட்டால் பூச்சியம்தானே அம்மா" என்று கேட்கிறாள், எனக்கும் அவள் சொல்வதுதான் சரி போலப் படுகிறது. ஓ.எல். படித்த காலத்தில் நானும் இதைப் பாடமாக்கினேனே தவிர ஏன் என்று கேட்கவில்லை.

கன்னியாக்காரன்:
அக்கா, முதலில் அந்த 6ஐப் பார்ப்போம். இங்கே திருகோணமலைக் கன்னியாவில் வெந்நீர்க் கிணறு 7. ஒவ்வொரு கிணற்றடியிலும் 7 பேர், ஆளுக்கு 7 வாளி என்று வைத்துப் படம் கீறச் சொல்லுங்கள். முதல் கிணற்றிலேயே 49 வாளி வந்து விடும், பிறகு 7×3 = 21 என்று அவளே சொல்ல மாட்டாள். மொத்தம் 343, அதுதான் 7³. மேலே இருக்கும் சின்ன 3 பெருக்குவதற்கான எண் இல்லை, எத்தனை 7 போட்டுப் பெருக்கினோம் என்ற கணக்கு.

கணித ரீச்சர்:
பிள்ளை கேட்டது நல்ல கேள்வி, தயவு செய்து "அது விதி" என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள். ஒரு தாளைக் கையில் கொடுங்கள். ஒரு தடவை மடித்தால் 2 படை, இரண்டு தடவை 4, மூன்று தடவை 8, அதாவது 2¹, 2², 2³. சரி, மடிக்கவே இல்லை என்றால்? தாள் காணாமல் போகாதே, ஒரு படையாக அப்படியே இருக்கும். 2⁰ = 1.

7க்கும் அதே கதைதான். 343, 49, 7 என்று இறங்கி வரும்போது ஒவ்வொரு படியிலும் 7ஆல் வகுக்கிறோம், அடுத்த படி 7 ÷ 7 = 1, அதுதான் 7⁰. இன்னும் ஒரு படி இறங்கினால் ஏழில் ஒன்று, அதுதான் 7⁻¹. கூட்டல் 0இலிருந்து தொடங்கும், பெருக்கல் 1இலிருந்து தொடங்கும், பிள்ளை குழம்பிய இடம் இதுதான்.

தாளை விடாதீர்கள், வலு (2³, 7³ போன்றவை) எவ்வளவு வேகமாக வளரும் என்பதையும் அதிலேயே காட்டலாம். 0.1 மில்லிமீற்றர் தாளை 10 தடவை மடிக்க முடிந்தால் தடிப்பு 10 சென்ரிமீற்றர்தான். 20 தடவை என்றால் 100 மீற்றரைத் தாண்டும், கோணேசர் கோயில் பாறையில் நின்று கீழே கடலைப் பார்த்த பிள்ளைக்கு அது என்ன உயரம் என்று ஓரளவு விளங்கும்.

உப்புவெளி அம்மா:
ரீச்சர், தாளை மடித்துப் பார்த்தோம், 2⁰ என்றதும் மடிக்காத தாளைத் தூக்கிக் காட்டினாள்! மிக்க நன்றி. இன்னொன்று, (−3)² = 9 ஆனால் −3² = −9 என்கிறார்கள், அது ஏன்?

கணித ரீச்சர்:
சுட்டி தனக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும்தான் பிடிக்கும். அடைப்புக்குறி இருந்தால் சய 3 (சய என்றால் − குறி) முழுவதும் இரண்டு தடவை வருகிறது, சயவும் சயவும் பெருகி நேர் 9. அடைப்பு இல்லாவிட்டால் 3 மட்டும் வர்க்கமாகும், சய வெளியில் நின்று கடைசியில் ஒட்டிக்கொள்ளும். கொப்பியில் −3 × −3 என்றும் −(3 × 3) என்றும் நீட்டி எழுதச் சொல்லுங்கள், கொஞ்ச நாளைக்குச் சுருக்கி எழுதவே விடாதீர்கள்.