வி-க்ராஸ் வெளிப்பாடி முழுக்க பெட் லைனர் கோட்டிங்: எத்தனை லிட்டர், எப்படி அடிப்பது?

உப்பளத்துப் பாதை:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2018 இசுசு டி-மேக்ஸ் வி-க்ராஸ் பிக்கப், வெள்ளை நிறம். தூத்துக்குடி உப்பளப் பாதைகளில்தான் தினசரி ஓட்டம். சீமைக்கருவேல முள் கீறி இரண்டு பக்கமும் கோடு கோடாக இருக்கிறது. பின் வீல் ஆர்ச் (சக்கர வளைவு) உதட்டில் பெயின்ட் கொப்பளித்து நிற்கிறது. பின்னால் சாமான் ஏற்றும் தொட்டிக்குள் அடிக்கிற பெட் லைனர் கோட்டிங்கை வெளிப்பாடி முழுக்க அடித்துவிடலாம் என்று யோசனை.

கேட்க வேண்டியவை: எவ்வளவு மெட்டீரியல் பிடிக்கும்? ஸ்பிரே கன்னா, ரோலரா? பழைய பெயின்ட்டைத் தகடு தெரிய எடுக்க வேண்டுமா? உள்ளூரில் "ரப்பர் கோட்டிங், அதுவும் இதுவும் ஒன்றுதான்" என்று பாதி விலை சொல்கிறார்கள், உண்மையா? கறுப்பு அடித்தால் ஆர்.சி.யில் சிக்கல் வருமா?

எமரி 240:

ரப்பர் கோட்டிங் பற்றிக் கேட்டதை முதலில் சொல்கிறேன். அந்த ரப்பர் கோட்டிங் பெரும்பாலும் அண்டர்பாடிக்கு அடிக்கிற பிட்டுமன் அல்லது ரப்பர் சரக்கு. அதில் ஹார்டனர் (கலந்ததும் சரக்கைக் கெட்டியாக்குகிற திரவம்) கிடையாது. தின்னர் ஆவியாகிக் காய்வதோடு சரி, வெயிலில் மறுபடி இளகும். கை வைத்தால் ஒட்டும், தூசி பிடிக்கும், டீசல் பட்டால் கரையும். அதன் மேல் பிறகு எந்த பெயின்ட்டும் நிற்காது, கறுப்பு ஊறி மேலே வரும். வெளிப்பாடிக்கு வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது ஹார்டனர் கலந்து அடிக்கிற 2கே பாலியூரித்தேன். யு-போல் ராப்டர் மாதிரியான சரக்கு. லைன்-எக்ஸ் வகை வேறு: சூடாக்கி, பெரிய அழுத்தத்தில், தனி மெஷினில் அடிக்கிறது. கனம் மில்லிமீட்டர் கணக்கில் ஏறும். தொட்டிக்கு அதுவே சிறந்தது, ஆனால் கதவு விளிம்பிலும் பானெட் இடுக்கிலும் அவ்வளவு கனம் ஏறினால் இடைவெளி போதாது. வெளிப்பாடிக்கு ராப்டர் வகைதான் பொருந்தும்.

அளவு: 4 பாட்டில் கிட்டில் பாட்டிலுக்கு 750 மி.லி. சரக்கு இருக்கும். 250 மி.லி. ஹார்டனர் ஊற்றி 1 லிட்டர் கோடு வரை நிரப்ப வேண்டும், அதாவது 3க்கு 1. ஒரு கிட் ஒரு பிக்கப் தொட்டிக்கு இரண்டு கோட் வரும். டபுள் கேப் வெளிப்புறம் முழுக்க என்றால் இரண்டு கிட், அதாவது 8 பாட்டில். மேலே ஒன்றிரண்டு கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கதவு பாதியில் சரக்கு தீர்ந்து, வேறு நாள் வாங்கி அடித்தால் அந்த இடம் தனியாகத் தெரியும்.

பழைய கம்பெனி பெயின்ட் நன்றாக ஒட்டியிருந்தால் எடுக்கவே எடுக்காதீர்கள். அதன் அடியில் இருக்கிற டிப் பிரைமர் (கம்பெனியில் பாடியை முக்கி எடுத்துப் போடுவது) அளவுக்குத் துருவைத் தடுக்கிற பூச்சு எந்தப் பட்டறையிலும் போட முடியாது. பளபளப்பு முழுக்கச் சாகும் வரை 240 எண் உப்புத்தாளால் தேய்த்தால் போதும். தாள் புகாத மடிப்பு, கைப்பிடிக் குழி, விளிம்புக்கெல்லாம் சிவப்பு ஸ்காட்ச்-பிரைட். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், ஒரு ரூபாய் அளவுக்குப் பளபளப்பு மிச்சம் இருந்தாலும் அங்கிருந்துதான் தோல் மாதிரி உரியும். இந்தக் கோட்டிங் உரிந்த வண்டிகளில் குறை சரக்கில் இருப்பது அபூர்வம். தேய்ப்பில்தான் இருக்கும்.

தேய்ப்பதற்கு முன்பே ஒரு முறை சோப்பு நீரில் கழுவி, வேக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவரால் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் மேலே இருக்கிற பாலிஷைத் தாளே கீறலுக்குள் அழுத்திவிடும். தேய்த்த பிறகு இன்னொரு முறை, ஒரு துணியில் நனைத்து, அது காயும் முன் வேறு உலர்ந்த துணியில் எடுத்து. பெட்ரோல் போட்டுத் துடைக்கிற வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும், சரக்கு குழி குழியாக விலகும். டயர் பாலிஷ், டாஷ்போர்டு ஸ்பிரே எல்லாவற்றிலும் சிலிக்கான் இருக்கிறது. அதெல்லாம் அந்த ஷெட்டுக்குள்ளேயே வேண்டாம்.

கைப்பிடி, விளக்கு, எம்ப்ளம், கண்ணாடி பீடிங், மட்பிளாப் எல்லாம் கழற்றுங்கள். டேப் ஒட்டி ஒப்பேற்றினால் அந்த விளிம்பில்தான் முதலில் தண்ணீர் புகும். சேஸி எண், கதவு அடியில் இருக்கிற வடிகால் துளை, பார்க்கிங் சென்சார், கேமரா, வாஷர் நாசில் இவற்றை மறைக்க மறக்க வேண்டாம். வடிகால் துளை அடைந்தால் கதவு உள்ளிருந்து அழுகும்.

கடலோரக் காற்று:

மேலே சொன்ன தயாரிப்பு வேலையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முழு பாடிக்கும் அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மணல் மணலாக நிற்கிற இந்த டெக்ஸ்சரில் ஒட்டு வேலை செய்ய முடியாது. நாளை ஒரு கதவில் அடி வாங்கி டிங்கரிங் செய்தால், அந்தக் கதவை முழுதாக மறுபடி அடித்தாக வேண்டும், அப்போதும் பக்கத்துப் பேனலின் மணலும் இதன் மணலும் ஒன்றாக வராது. எடுத்துவிடலாம் என்றால் ஹீட் கன்னும் ஸ்கிராப்பருமாக ஒரு பேனலுக்கே பாதி நாள் போய்விடும். முள்ளும் கல்லும் படுவது கதவின் நடு மடிப்புக்குக் கீழேதான். அந்த மடிப்புக் கோட்டில் நிறுத்தி, கீழ்க் கதவு, சில் (கதவுக்குக் கீழே ஓடும் பாடி விளிம்பு), வீல் ஆர்ச், பம்பர், டெயில்கேட் கீழ்ப்பாதி மட்டும் அடித்தால் 4 பாட்டிலில் முடியும், பார்வைக்கும் கம்பெனி டூ-டோன் மாதிரி இருக்கும்.

உங்கள் வண்டிக்குப் பெரிய எதிரி உப்பு. தகட்டில் உப்பு மிச்சம் இருக்க மேலே கோட்டிங் போட்டால், உப்பு ஈரத்தை இழுத்து அடியிலேயே கொப்புளம் போடும். எத்தனை லேயர் போட்டாலும் இதுதான் கதி. அதனால் தேய்க்கும் முன் வீல் ஆர்ச் உள்பக்கம், சில் அடி, கதவு அடி மடிப்பெல்லாம் பிரஷர் வாஷில் நல்ல தண்ணீர் விட்டு அடியுங்கள். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அது உதவாது, குடிநீர் லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

ஆர்ச் உதட்டில் கொப்பளித்ததை அப்படியே மூடினால் டெக்ஸ்சர் அதை மறைக்கும். அதுதான் ஆபத்து, ஓட்டை விழுகிற வரை வெளியே தெரியாது. 80 எண் தாளால் பளிச்சென்று வெறும் தகடு வரும் வரை எடுங்கள். குழிக்குள் கறுப்புப் புள்ளியாகத் துரு நின்றால் பாஸ்பாரிக் ஆசிட் கன்வர்ட்டர் தடவி, டப்பாவில் போட்டபடி கழுவி, காயவைத்து, அதே நாளில் எபாக்ஸி பிரைமர். ஸ்க்ரூட்ரைவரால் குத்தினால் உள்ளே போகிறதா? அப்போது வெட்டி எடுத்து வெல்டிங்தான், பட்டி போட்டு மூடக் கூடாது. ஆசிட் எட்ச் பிரைமர் போட்டு அதன் மேல் எபாக்ஸி போடுவது தவறு, இரண்டில் ஒன்றுதான்.

காற்றின் ஈரத்தையும் பாருங்கள். ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட், அது தண்ணீரோடு சேர்ந்தால் வாயு விட்டு நுரைக்கும். தகட்டின் சூடு பனிநிலையை (காற்றின் ஈரம் பனியாகப் படியும் வெப்பநிலை) விடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். அதிகாலைப் பனியில் வேண்டாம், கடல்காற்று ஏறும் நேரத்தில் திறந்த வெளியில் வேண்டாம். வெயிலில் நிறுத்திச் சுட்ட தகட்டிலும் வேண்டாம், மேல்தோல் முதலில் காய்ந்து அடியில் இருக்கிற தின்னர் துளை போட்டு வெளியே வரும். மூடிய ஷெட், காலை வெயில் ஏறிய பிறகு. கம்ப்ரசர் டாங்க்கைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, லைனில் மாய்ஸ்சர் டிராப் மாட்டிக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

படிவம் பார்ப்பவர்:

ஆர்.சி. பற்றி. 1988 மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு முரணாகிறபடி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. நிறமும் ஆர்.சி.யில் பதிவாகிற விவரம்தான். கறுப்பு அடிப்பதானால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள், அடித்த பிறகு வண்டியைக் காட்டி நிறத்தை மாற்றிப் பதியுங்கள். மாறிய ஆர்.சி. நகலை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கொடுங்கள், கிளெய்ம் நேரத்தில் சர்வேயர் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

ஆலிவ் பச்சை மட்டும் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதி 121 அதைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. இந்தக் கோட்டிங்கில் பலர் ஆசைப்படுகிற நிறமே அதுதான், அதனால் சொல்கிறேன்.

இன்னொரு வழி இருக்கிறது: டின்டபிள் (நாம் நிறம் கலந்துகொள்கிற) சரக்கு வாங்கி, வண்டியின் சொந்த வெள்ளையிலேயே அடித்துவிடலாம். நிறக் குறியீடு வண்டியின் கம்பெனி விவரத் தகட்டில் இருக்கும், கலர் மிக்ஸிங் கடையில் காட்டினால் போதும். ஆர்.சி.யைத் தொட வேண்டியதில்லை, நம் ஊர் வெயிலுக்குக் கூரையும் கறுப்பு அளவுக்குச் சுடாது.

உப்பளத்துப் பாதை:

மிகவும் நன்றி. சொந்த வெள்ளையிலேயே, மடிப்புக்குக் கீழே மட்டும் என்று முடிவு செய்கிறேன். இன்னும் மூன்று சந்தேகம் அண்ணாச்சி. முன்பு ஒரு கதவில் ரோட்டோரப் பட்டறையில் டச்-அப் செய்திருக்கிறது, அது என்ன பெயின்ட் என்று தெரியாது, அதன் மேலேயே அடிக்கலாமா? முன் பம்பர் பிளாஸ்டிக், பின் பம்பர் குரோம், என்ன செய்வது? அடிக்கும்போது அழுத்தம், தூரம் எவ்வளவு?

எமரி 240:

டச்-அப்பைச் சோதிப்பது எளிது. துணியில் நல்ல தின்னரை நனைத்து அந்த இடத்தில் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துத் தேயுங்கள். நிறம் துணிக்கு இறங்கினால் அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ், ஹார்டனர் இல்லாதது) பெயின்ட், அதன் மேல் 2கே அடித்தால் சுருண்டு எழும்பும். அதை முழுக்க எடுத்துவிட்டு எபாக்ஸி போடுங்கள். நிறம் இறங்கவில்லை என்றால் மற்ற இடம் மாதிரி தேய்ப்பு போதும்.

முன் பம்பருக்கு ஸ்காட்ச்-பிரைட், பிறகு பிளாஸ்டிக் அட்ஹீஷன் புரொமோட்டர் (பிளாஸ்டிக்கில் பிடிமானம் தருகிற திரவம்) மெல்லிசாக ஒரு கோட். அந்த டப்பாவில் போட்ட நேரத்துக்குள் கோட்டிங் ஏற வேண்டும், தாமதித்தால் பயனில்லை. குரோமை விட்டுவிடுங்கள். அதை நன்றாகத் தேய்த்துப் பிடிக்க வைப்பதற்குள் பெயின்ட் அடித்த பம்பர் ஒன்றே வாங்கிவிடலாம்.

டின்ட் கலப்பது: தின்னரும் ஹார்டனரும் சேர்க்காத சால்வென்ட் பேஸ்கோட் நிறம், சரக்கில் 10 சதவீதம் வரை. பாட்டில் பாட்டிலாகக் கலக்காதீர்கள். நான்கு பாட்டில் சரக்கையும் சுத்தமான ஒரே வாளியில் ஊற்றி, நிறத்தைச் சேர்த்துக் கலக்கி, மறுபடி பாட்டிலில் நிரப்புங்கள். இல்லையென்றால் இடது கதவு ஒரு வெள்ளை, வலது கதவு ஒரு வெள்ளையாக நிற்கும். ஹார்டனர் மட்டும் அடிக்கும் நேரத்தில், ஒவ்வொரு பாட்டிலாக. 20 டிகிரியில் ஒரு மணி நேரம் தாங்குகிற கலவை, நம் 33, 35 டிகிரியில் அதில் பாதிகூடத் தாங்காது. ஹார்டனர் ஊற்றியதும் 2 நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும், மணல் சரக்கு அடியில் படிந்திருக்கும்.

பாட்டிலை நேராக மாட்டுகிற ஷட்ஸ் கன் போதும். 40 முதல் 60 பி.எஸ்.ஐ., தூரம் 40-50 செ.மீ. அழுத்தம் கூட, தூரம் கூட, டெக்ஸ்சர் நைசாகும். அழுத்தம் குறைத்து கிட்டப் பிடித்தால் கரடாகும். முதலில் அட்டையில் அடித்துப் பிடித்தமான மணல் வந்ததும் ரெகுலேட்டரைத் தொடாதீர்கள். சின்னக் கம்ப்ரசரில் ஒரு கதவு முடிவதற்குள் அழுத்தம் இறங்கிவிடும், டெக்ஸ்சர் மாறிப்போகும். 2 ஹெச்.பி., 50 லிட்டர் டாங்குக்குக் கீழே வேண்டாம். ரோலர் தொட்டிக்குச் சரி, கதவில் ரோலர் தடம் பட்டை பட்டையாகத் தெரியும்.

முதல் கோட் மெல்லிசாக, அடியில் இருக்கிற பெயின்ட் கொஞ்சம் தெரிகிற அளவுக்கு. அது பிடித்துக்கொள்ளத்தான். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது கோட், முதலாவதுக்குக் குறுக்காக. ஒரே கோட்டில் மூட நினைத்தால் கதவு அடியில் வழிந்து தொங்கும்.

மாஸ்க் விஷயத்தில் தயவுசெய்து சமரசம் வேண்டாம். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் ஐசோசயனேட்டைத் தடுக்காது. வாசனை வைத்தும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு முறை உடம்புக்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு துளி பட்டாலே ஆஸ்துமா வரும், வாழ்நாள் முழுக்க. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் மாஸ்க்தான் முறையானது. நைட்ரைல் கிளவுஸ், முழுக்கைச் சட்டை, பாதுகாப்புக் கண்ணாடி. ஷெட்டில் வேறு யாரும் நிற்கக் கூடாது.

கடலோரக் காற்று:

கடைசி வேலையில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது கோட் முடிந்து கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும்போதே மடிப்புக் கோட்டு டேப்பை உங்களை நோக்கி மடக்கி மெதுவாக உரியுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு இழுத்தால் கோட்டிங்கும் சேர்ந்து கிழிந்து விளிம்பு பல் பல்லாக நிற்கும். கதவுக்கும் பாடிக்கும் இடையே சரக்கு பாலம் போட்டிருந்தால் பிளேடால் வெட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

2, 3 நாளில் வண்டியை மெதுவாக எடுக்கலாம், முள் பாதைக்கு 7 நாள் கழித்து. அதுவரை பிரஷர் வாஷ் வேண்டாம். சில் உள்ளேயும் கதவு உள்ளேயும் கேவிட்டி வேக்ஸ் (உள்கூட்டில் துருவைத் தடுக்கிற மெழுகு) அடிப்பதாக இருந்தால் அதை இந்த 7 நாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் அடித்தால் வேக்ஸ் துளை வழியாகக் கசிந்து, தேய்த்து வைத்த தகடெல்லாம் வீணாகும்.

கழுவும்போது துணி உதவாது, டெக்ஸ்சரில் நூல் சிக்கும். மென்மையான பிரஷ்ஷும் ஷாம்புவும் போதும். வேக்ஸ் பாலிஷ் போடாதீர்கள், குழிக்குள் வெள்ளையாக நின்று வெளியே வராது. மிச்சச் சரக்கையும் ஹார்டனரையும் கலக்காமல் இறுக மூடி நிழலில் வையுங்கள். கல் பட்டுத் தகடு தெரிந்தால் அந்த வாரமே அந்த இடத்தைத் தேய்த்து, எபாக்ஸி ஒரு தொடு, மேலே 3க்கு 1 கலந்த சரக்கைப் பிரஷ்ஷால் ஒற்றி எடுங்கள். கீழ்ச் சில்லில் அந்த ஒட்டு யார் கண்ணிலும் படாது.